ஜூன் மாதம் குளச்சலில் விசைப்படகு

போன வாரம் மாமா வந்திருந்தார். குளச்சல் துறைமுகத்தில் ரொம்ப வருடமாக மீன் ஏலம் விடுகிறவர். நான் லேப்டாப்பில் உருவாக்கிக்கொண்டிருந்த சோதனைத் தரவை எட்டிப் பார்த்தார். மீன் கொள்முதல் மென்பொருள் ஒன்றின் வேகத்தை அளக்க ஐந்து கோடி வரிசைகள்: துறைமுகம், பின்கோடு, படகு வகை, மீன், எடை, தேதி, வியாபாரி. முதல் பக்கத்திலேயே விரலை வைத்தார்.

"மக்களே, ஜூன் இருபதாந்தேதி குளச்சல்ல விசைப்படகு எப்படி வந்து மீன் எறக்கிச்சு? எல்லாம் கட்டிப் போட்டுல்லா கெடக்கும்."

குளச்சல் இருக்கும் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். இதே கன்னியாகுமரி மாவட்டத்தில் சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகான வள்ளத்துக்கு இல்லை. துறைமுகம், தேதி, படகு வகை மூன்றும் இப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. என் ஸ்கிரிப்ட்டோ மூன்றையும் தனித்தனியாகக் குலுக்கி எடுத்திருந்தது.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். அளவீடே கெட்டுவிடும். தரவைச் சேமித்து வைக்கும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ், ஒரு குவெரியை, அதாவது தரவைக் கேட்கும் கட்டளையை, ஓட்டும் முன் எத்தனை வரிசை கிடைக்கும் என்று மதிப்பிடும். இரண்டு நிபந்தனை கொடுத்தால், இரண்டுக்கும் தொடர்பில்லை என்று எடுத்துக்கொண்டு விகிதங்களைப் பெருக்கும். குளச்சல் பத்தில் ஒரு பங்கு, அதன் பின்கோடும் பத்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். பெருக்கினால் நூறில் ஒன்று, ஐந்து லட்சம் வரிசை. உண்மையில் வருவது ஐம்பது லட்சம், ஏனென்றால் குளச்சல் என்றாலே அந்தப் பின்கோடுதான். இதுபோல ஒட்டிக்கிடக்கும் நிபந்தனை இன்னும் இரண்டு சேர்ந்தால் மதிப்பீடு சில ஆயிரத்துக்கு இறங்கிவிடும். கொஞ்சம் வரிசைதானே என்று அது, ஒவ்வொரு வரிசைக்கும் இன்னொரு அட்டவணையில் தனித்தனியாகத் தேடும் நெஸ்டட் லூப் முறையைத் தேர்ந்தெடுத்து, ஐம்பது லட்சம் தடவை இண்டெக்ஸைத் தேடிக்கொண்டு நிற்கும்.

அட்டவணையின் எல்லாப் பத்தியையும் தனித்தனியாக நிரப்பிய என் தரவில் அந்த மதிப்பீடு எப்போதும் சரியாகவே வந்தது. அதனால்தான் உண்மையான சர்வரில் மூன்று நிமிடம் இழுத்த குவெரி, என்னிடம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. இரண்டு வாரம் சர்வரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இது பழைய சிக்கல். டேட்டாபேஸின் வேகத்தை அளக்கும் டிபிசி-ஹெச் என்ற பெஞ்ச்மார்க்குக்குத் தரவு உருவாக்கித் தரும் டிபிஜென், அளவு 1 என்று கொடுத்தால் சுமார் ஒரு ஜிபி தரவும், லைன்ஐட்டம் அட்டவணையில் ஏறக்குறைய 60 லட்சம் வரிசையும் தரும். பெரும்பாலும் சமமாகப் பரவிய மதிப்புகள். பிறகு வந்த டிபிசி-டிஎஸ், பண்டிகைக் கால விற்பனை ஏற்றத்தையாவது தேதியில் கொண்டுவந்தது. 2015-இல் ஓர் ஆய்வுக் குழு ஐஎம்டிபியின் உண்மையான திரைப்படத் தரவை வைத்தே சோதித்தபோது, மதிப்பீடுகள் எவ்வளவு தூரம் பிசகுகின்றன என்பது பளிச்சென்று தெரிந்தது.

உண்மையான தரவை அப்படியே நகலெடுக்க எனக்கு மனமில்லை. அதில் மனிதர்களின் போன் நம்பரும் கடன் பாக்கியும் இருக்கிறது. அதனால் ஸ்கிரிப்ட்டைத் திருப்பி எழுதினேன். முதலில் துறைமுகம், அதற்கேற்ற நாள்காட்டி, அந்த நாளில் கடலுக்குப் போகக்கூடிய படகு, அந்தப் படகில் வரக்கூடிய மீன். சூரை, நெத்திலி, கணவாய் எல்லாம் ஒரே படகில் ஒரே அளவில் வராதே. வியாபாரிகளுக்கு ஜிஃப் பரவல், நாலைந்து பேர்தான் பாதியை வாங்குகிறார்கள். பெயர்களையும் மாற்றினேன். எங்கள் கடற்கரையில் ஆன்டனியும் மேரியும் தெருவுக்குத் தெரு உண்டு, பெயரை வைத்துத் தேடினால் கொத்தாக வர வேண்டும். குலுக்கலைத் தொடங்கிவைக்கும் ரேண்டம் சீடை ஒரே எண்ணில் நிறுத்தினேன், இல்லாவிட்டால் நேற்றைய ஓட்டத்தை இன்றையதோடு ஒப்பிட முடியாது.

புதிய தரவில் அதே குவெரி இரண்டரை நிமிடம் எடுத்தது. அவ்வளவு நிம்மதியாக இருந்தது! அப்புறம் கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற கட்டளை மூலம் துறைமுகமும் பின்கோடும் சேர்ந்தே வரும் என்று போஸ்ட்கிரெஸுக்குச் சொல்லி, புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் ஓட்டினேன். மதிப்பீடு ஐம்பது லட்சத்தை நெருங்கியது, நெஸ்டட் லூப்புக்குப் பதில் மொத்தமாக இணைக்கும் ஹேஷ் ஜாயின் வந்தது, நேரம் ஒன்பது விநாடி.

நேற்று ஐம்பது வரிசை பிரின்ட் எடுத்து மாமாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். தடைக்காலம் சரி, மீன் சரி. கடைசிப் பக்கத்தில் நின்றார்.

"இது ஞாயித்துக்கெழமல்லா? நம்ம ஊர்ல யாரு கடலுக்குப் போனா?"

ஸ்கிரிப்ட்டை மறுபடி திறந்திருக்கிறேன்.