திறப்பு யாருடைய சட்டைப்பையில்?

மட்டக்குளிப் பக்கம் ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலை. அங்கே பராமரிப்புப் பகுதியில் பதினேழு வருடமாக வேலை செய்கிறேன். மோட்டார், பெயாரிங், பெல்ட், மின்பெனல், கொம்பிரசர் என்று எது பழுதானாலும் எங்கள் நாலு பேரைத்தான் கூப்பிடுவார்கள். மெஷினுக்குள் கை வைப்பதற்கு முன் அதற்குச் சக்தி வரும் வழிகளை எல்லாம் அடைத்து, பூட்டுப் போட்டு, திறப்பைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் முறையை எங்கள் வேலைத்தலத்தில் கொண்டுவர எட்டு மாதம் ஆனது. லொக் அவுட், டெக் அவுட் என்று சொல்வார்களே, அதுதான். இதே வேலையில் இருக்கும் யாராவது தொடங்க நினைத்தால் உதவட்டும் என்று, பட்டதை எழுதுகிறேன்.

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம். ஓடர் குவிந்து கிடந்தது. அட்டையைப் பெட்டி வடிவத்துக்கு வெட்டும் டை கட்டர் மெஷினில் ஒரு அட்டை மடங்கிச் சிக்கிவிட்டது. வெளியே எடுக்கும் பக்கத்தில் நின்ற தம்பி, ஹற்றன் பக்கத்துப் பிள்ளை, சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுப் பின்பக்கமாகக் குனிந்து கையை உள்ளே விட்டான். அட்டை ஊட்டும் பக்கத்தில் நின்றவருக்கு அவன் குனிந்தது தெரியாது. நடுவில் ஆள் உயரத்துக்கு மெஷின். பொத்தான் அழுந்தியிருப்பதைப் பார்த்தார், யாரோ தவறுதலாகத் தட்டிவிட்டார்கள் என்று நினைத்தார், திருப்பி விடுவித்து ஸ்டார்ட்டைத் தொட்டார். வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. தேசிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்போது முச்சக்கர வண்டியில் அவன் கையை நான்தான் தூக்கிப் பிடித்திருந்தேன். "அண்ணே, நான் ஓஃப் பண்ணினேன், அண்ணே, ஓஃப் பண்ணிட்டுத்தான் கை வச்சேன்" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தான்.

அவன் பொய் சொல்லவில்லை. சிவப்புப் பொத்தான் வெட்டுவது, மோட்டாரை ஓட்டு, நிறுத்து என்று சொல்லும் கொன்ட்ரோல் சேர்க்கிட்டை மட்டும்தான். மெயின் லைனில் 400 வோல்ட் அப்படியே நிற்கும். அந்தப் பொத்தானை யாரும் எந்தப் பக்கத்திலிருந்தும் விடுவிக்கலாம். அது அவசரத்துக்கு நிறுத்துவதற்கென்று வைத்தது, உள்ளே கை வைப்பவனைக் காப்பதற்கு வைத்தது இல்லை. பதினேழு வருடம் வேலை தெரிந்த எனக்கு இது தெரியும். அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை வந்து பார்த்தார். மூன்றாம் நாள் அவருடைய அறைக்குப் போய் நேராகவே கேட்டேன். ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் பெட்டி கொடுப்பதால், வெளிநாட்டுக் கொள்வனவாளர்களின் பாதுகாப்புச் சோதனை எங்களுக்கும் வருவதுண்டு. அப்படி வந்த கடதாசிகளில் அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் 1989இல் வெளியிட்ட 1910.147ஆம் இலக்க விதியின் பிரதி ஒன்று கிடந்தது. அது இங்கே சட்டம் இல்லை. நம்முடையது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். மெஷினின் ஆபத்தான பாகங்களுக்கு வேலி அடைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனால் பழுது பார்க்கும்போது அந்த வேலியைக் கழற்றித்தானே ஆக வேண்டும்? கழற்றிய பிறகு என்ன செய்வது என்பதைப் படிப்படியாகச் சொல்லித் தந்தது அந்த 1910.147தான். இந்த முறையைச் சரியாகக் கடைப்பிடித்தால் அவர்கள் நாட்டில் வருடத்துக்கு 120 உயிர்களும் 50,000 காயங்களும் தவிர்க்கப்படுகின்றன என்பது அந்த நிர்வாகத்தின் மதிப்பீடு. காயப்படும் ஒருவர் சராசரியாக 24 வேலை நாட்களை இழக்கிறார் என்றும் சொல்கிறார்கள். முதலாளி அந்த 24இல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரி, என்ன வேணும், எழுதித் தாங்க" என்றார்.

முதலில் வேண்டியது பூட்டு. குவாரி வீதிப் பக்கம் போய் ஒரு டசின் ஆமைப்பூட்டு கேட்டேன். மலிவான வகையைக் கடைக்காரர் மேசையில் பரப்பினார். ஒவ்வொரு திறப்பையும் ஒவ்வொரு பூட்டிலும் போட்டுப் பார்க்கிறேன் என்றேன். அவருக்குப் பொறுமை போய்விட்டது, ஆனாலும் விட்டார். நாலாவது பூட்டின் திறப்பு ஒன்பதாவது பூட்டைத் திறந்தது. கொஞ்சம் ஆட்டினால் இரண்டாவது பூட்டின் திறப்பும் பதினோராவதில் திரும்பியது. வீட்டுக் கேட்டுக்கு இது பெரிய விடயம் இல்லை. எங்களுக்கு அப்படி இல்லை, என் பூட்டை என் திறப்பு மட்டும்தான் திறக்க வேண்டும். கடைசியில் கூடுதல் விலையில் நல்ல வகை வாங்கி, அதையும் இதே போல் சோதித்துத்தான் எடுத்தேன். வாங்குகிறவர்கள் தயவுசெய்து கடையிலேயே நின்று போட்டுப் பாருங்கள். மேலதிகத் திறப்புகளை எல்லாம் முதலாளியின் இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டோம்.

ஒரே சுவிட்சில் பல பேர் பூட்டுப் போடுவதற்கு ஆறு துளை உள்ள கொண்டி வேண்டும். கடையில் விலை கட்டுப்படியாகவில்லை. எங்கள் வெல்டர் ஐயா இரும்புத் தகட்டில் மூன்று செய்து தந்தார். கடைசி ஆள் தன் பூட்டைக் கழற்றும்வரை கொண்டி திறக்காது. பெனலில் இருக்கும் சின்ன பிரேக்கர்களுக்கு மட்டும் அதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் கவ்விகளை வாங்கினோம்.

பூட்டோடு தொங்கும் அட்டையில் சிங்களத்திலும் தமிழிலும் "தொடாதே, ஆள் உள்ளே வேலை செய்கிறார்" என்று அச்சடித்தோம். அதைவிட வேலை செய்தது ஒட்டிய படம்தான். ஒவ்வொருவரின் அட்டையிலும் அவரவர் முகம். என்னுடன் வேலை செய்யும் சிங்களப் பையன், மல்லி (தம்பி) என்றுதான் கூப்பிடுவேன், தன் மகளைத் தூக்கி வைத்திருக்கும் படத்தைக் கொண்டுவந்து ஒட்டினான். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அட்டை எச்சரிக்கத்தான் செய்யும், பிடித்து நிறுத்தாது. பூட்டு போட முடியும் இடத்தில் அட்டையை மட்டும் தொங்கவிட்டுப் போகக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை.

முதல் நாளை மறக்க முடியாது. அட்டையில் மடிப்புக்கான வெட்டுகளைப் போடும் ஸ்லொட்டர் மெஷினில் ஒரு பெயாரிங் மாற்ற வேண்டியிருந்தது. மேற்பார்வையாளர், இரண்டு ஒப்பரேட்டர்கள், நாங்கள் நாலு பேர், எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். சொல்ல வேண்டியவர்களுக்குச் சொன்னோம். மெஷினை வழக்கம்போல் நிறுத்தினோம். பெனலில் ஏழாம் இலக்கப் பிரேக்கருக்குப் பக்கத்தில் "ஸ்லொட்டர்" என்று எழுதியிருந்தது. அதை ஓஃப் பண்ணிக் கவ்வியை மாட்டி, பூட்டி, திறப்பைப் பொக்கெட்டில் வைத்தேன். எல்லாம் முடிந்தது என்று மல்லி ஸ்பனரை எடுத்துவிட்டான். "பொறு" என்று சொல்லிவிட்டு, எல்லாரையும் விலகி நிற்கச் சொல்லி, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினேன்.

மெஷின் ஓடியது.

யாரும் பேசவில்லை. மல்லி கையிலிருந்த ஸ்பனரை மெதுவாக நிலத்தில் வைத்தான். நாலைந்து வருடத்துக்கு முன் பெனலை இடம் மாற்றியபோது எட்டையும் ஏழையும் மாற்றி இணைத்திருக்கிறார்கள், எழுத்து பழையபடியே இருந்திருக்கிறது. அதாவது அத்தனை வருடமும் நாங்கள் ஏழாம் பிரேக்கரை ஓஃப் பண்ணிவிட்டு ஸ்லொட்டருக்குள் கை வைத்திருக்கிறோம். அன்றிலிருந்து இந்த முறையைக் கற்பிக்கும்போது நான் முதலில் சொல்வது இந்தச் சோதனையைத்தான். பூட்டுப் போட்டதோடு வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. ஸ்டார்ட்டை அழுத்திப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு ஸ்டார்ட் சுவிட்சைத் திரும்ப ஓஃபில் வைக்க மறக்கக் கூடாது. மின் இணைப்பைத் தொடுவதாக இருந்தால் மீற்றராலும் பார்க்க வேண்டும். முதலில் கரண்ட் இருக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் மீற்றரை வைத்துப் பார், அப்புறம் நீ தொடப்போகும் இடத்தில் பார், அப்புறம் மறுபடியும் முதல் இடத்தில் பார். நடுவில் மீற்றரே செத்திருந்தால் பூச்சியம்தானே காட்டும்.

அடுத்த போயா (பௌர்ணமி) விடுமுறையில் நாங்கள் நாலு பேரும் போனோம். வேலைத்தலம் அமைதியாக இருந்தது. பெனலில் இருந்து ஒவ்வொரு கேபிளையும் பின்தொடர்ந்து, எங்கே முடிகிறது என்று பார்த்து எழுதினோம். இன்னும் இரண்டு பெயர்கள் பிழையாக இருந்தன. ஒரு மெஷினின் சூடேற்றிக்குத் தனி லைன் போவதும் அன்றுதான் தெரிந்தது. மெயின் ஓஃப் என்று நம்பிக் கை வைத்திருந்தால் அது உயிரோடு இருந்திருக்கும். இரவு எட்டு மணிவரை நின்றோம். மெஷினுக்கு ஒரு தாள் என்று எழுதி, எங்கெங்கே பூட்ட வேண்டும் என்று படமும் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்தந்த மெஷினிலேயே தொங்கவிட்டோம்.

மின்சாரத்தோடு கதை முடிவதில்லை. டை கட்டரில் மோட்டார் நின்ற பிறகும் பெரிய சக்கரம் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். எங்களுடையது முழுதாக நிற்க மூன்று நிமிடத்துக்கு மேல் எடுக்கிறது. காற்று இன்னும் மோசம். வால்வை மூடிவிட்டால் காற்று போய்விட்டது என்று நினைப்பார்கள். மூடிய வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையில் 6 பார் அழுத்தம் அடைபட்டு நிற்கும். 63 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிலிண்டரில் அது ஏறக்குறைய 190 கிலோ பாரத்துக்குச் சமம். ஒரு குழாயைக் கழற்றினாலோ, சிக்கிய அட்டையை இழுத்தாலோ அத்தனையும் ஒரே நொடியில் நகரும். அதனால் பழைய வால்வுகளை எடுத்துவிட்டு, மூடும்போதே மெஷின் பக்கத்துக் காற்றை வெளியே விடும் வகையை, பூட்டுத் துளையோடு, போட்டோம். இப்போது மூடினால் "உஸ்ஸ்" என்று சத்தம் வரும். அது அடங்கி, கேஜ் முள் பூச்சியத்துக்கு வந்தால்தான் அடுத்த வேலை. மேலே தூக்கி நிற்கும் தட்டுக்கு முட்டுக் கொடுக்கிறோம்.

ஸ்லொட்டரில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் ஒன்று இருக்கிறது. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் அதன் கபாசிட்டர்களில் 560 வோல்ட் அளவுக்கு நேர்மின்சாரம் நிற்கும். பிரேக்கரை ஓஃப் பண்ணிய பின்னும் உள்ளே ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருப்பதை மல்லிக்குக் காட்டினேன். அது மங்கி மங்கி அணைவதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். வெளிச்சம் அணைந்ததால் மட்டும் நம்பக் கூடாது. டிரைவின் மூடியில் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அதுவரை பொறுத்து, மீற்றரை வைத்துப் பார்த்த பிறகுதான் தொட வேண்டும்.

எதிர்ப்பு வராமல் இல்லை. "இரண்டு நிமிட வேலைக்குப் பத்து நிமிடம் பூட்டா?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான், ஒரு நாளைக்குப் பல தடவை அட்டை சிக்கும். அதற்கு வழி என்ன? கதவைத் திறந்தால் தானாக வெட்டும் சுவிட்சை டை கட்டரின் இரு பக்கமும் போட்டோம். கதவைத் திறந்து, கம்பிக் கொக்கியால் வெளியே நின்றே எடுக்கக்கூடிய சிக்கலுக்குப் பூட்டுத் தேவையில்லை. உடம்பில் எந்தப் பாகமாவது உள்ளே போக வேண்டும், அல்லது எதையாவது கழற்ற வேண்டும் என்றால் கட்டாயம் பூட்டு. இந்தக் கோட்டைத் தெளிவாகக் கீறிய பிறகு சண்டை பாதியாகக் குறைந்தது.

மற்றச் சோதனை ஒரு வெள்ளிக்கிழமை இரவு வந்தது. எங்களில் ஒருவர் பூட்டைக் கழற்றாமலே வத்தளையில் இருக்கும் வீட்டுக்குப் போய்விட்டார், திறப்பும் அவரோடு. இரவு ஷிப்டுக்கு மெஷின் வேண்டும். பத்து மணிக்கு எனக்கு போன் வந்தது: "வெட்டிப் போடவா?" வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவருக்கு எடுத்தேன். பதில் இல்லை. நானே முச்சக்கர வண்டி பிடித்துப் போனேன். வரவுப் பதிவைப் பார்த்தோம், வாசல் காவலாளியிடம் கேட்டோம், மெஷினைச் சுற்றி டோர்ச் அடித்து இரண்டு பேர் தேடினோம். அவர் உள்ளே இல்லை என்பது உறுதியான பிறகு, முதலாளியிடம் போனில் சொல்லி, எழுதி வைத்து, அப்புறம்தான் வெட்டினோம். அடுத்த நாள் அவர் உடுப்பு மாற்றுவதற்கு முன்பே வாசலில் நின்று சொன்னேன்: உன் பூட்டு இப்போது அங்கே இல்லை. சொல்லாமல் விட்டால் அவர் தன் பூட்டு இருக்கிறது என்ற நினைப்பில் நேரே போய்க் கை வைப்பார். இப்போது ஷிப்ட் மாறும்போது வருகிறவர் தன் பூட்டைப் போட்ட பிறகுதான் போகிறவர் தன்னுடையதைக் கழற்றுகிறார்.

அந்தத் தம்பி மூன்று மாதத்தில் திரும்பி வந்தான். மெஷின் பக்கம் போக விருப்பமில்லை என்றான், களஞ்சியத்தில் போட்டார்கள். பூட்டுப் பலகை அங்கேதான் மாட்டியிருக்கிறது. பதினாலு ஆணி, பதினாலு பூட்டு. மாலை ஐந்து மணிக்கு எண்ணி, ஒன்று குறைந்தால் யாருடையது என்று தேடிக்கொண்டு வேலைத்தலத்துக்குள் வருகிறான். அவனை யாரும் அந்த வேலைக்குப் போடவில்லை.

நீராவிக் குழாய்கள் இன்னும் பாக்கி. ஒரு வால்வு மட்டும் மூடினால் கசிந்து வருகிறது, இரண்டு வால்வும் நடுவில் வெளியேற்றும் குழாயும் போட வேண்டும். அதற்குக் கொதிகலனைக் குளிரவிட வேண்டும். அடுத்த போயாவுக்கு என்று முதலாளி நாள் கொடுத்திருக்கிறார். பூட்டுப் பலகைக்குக் கீழே தம்பி அதைச் சோக்கால் எழுதி வைத்திருக்கிறான்.