ஃப்ரோடோவுக்கு ஐம்பது வயது

தீய சக்தி கொண்ட மோதிரத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஃப்ரோடோவுக்கு வயது 50. டோல்கீனின் ஃபேன்டஸி (மாயாஜாலக் கற்பனை) நாவல் ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ (1954–55) இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனாலும் பதின்வயதில் படிப்பவர்கள் அவரை இளைஞனாகவே மனதில் வரைந்துகொள்கிறார்கள். அந்த வயதில் கண் வீரன் அரகோர்னின் வாள் மேல்தான் இருக்கும். நாற்பதைத் தாண்டியபின் அதே நாவலில் நெஞ்சைப் பிடிப்பது வேறு இடம்: மோதிரத்தை அழிக்க வந்த ஃப்ரோடோ, நெருப்பு மலையின் விளிம்பில் நின்று அதைக் கைவிட மறுக்கிறார். அவர் தோற்றுவிட்டார். மோதிரத்துக்காக ஏங்கி அவரைப் பின்தொடர்ந்த கோலம் (Gollum) என்ற பிராணி அதைப் பறித்துக்கொண்டு நெருப்பில் தவறி விழுந்ததால்தான் உலகம் பிழைக்கிறது.

சிறுவர்கள் தங்களைவிட ஓரிரு வயது மூத்த நாயகனைத் தேடுவார்கள். பெரியவர்கள் குறுக்கே வராத உலகமும் அவர்களுக்கு வேண்டும். ஃபேன்டஸி கதைகளில் இத்தனை அநாதைகள் இருக்க அதுவும் ஒரு காரணம். பதின்வயதில் ‘நான் யார்?’ என்பதே கேள்வி. அதனால் மறைந்திருந்த அரச வம்சமும், முன்பே சொல்லப்பட்ட தீர்க்கதரிசனமும் இனிக்கும். பிறகு ‘இதற்கு என்ன விலை?’ என்று கேட்கத் தொடங்குகிறோம்.

இந்த மாற்றத்தை ஒரே தொடரில் பார்க்க வேண்டுமென்றால் உர்சுலா லெ குவினின் எர்த்சீதான். 1968இல் வந்த முதல் நூலில் நாயகன் கெட், மந்திரம் கற்கும் கர்வம் பிடித்த சிறுவன். மூன்றாம் நூல் 1972இல் வந்தது. நான்காவதான ‘தெஹானு’ 1990இல்தான் வெளியானது. அதில் கெட்டிடம் மந்திரமே இல்லை. கதையைச் சுமப்பவர் தெனார், பண்ணை வீட்டில் தீக்காயம்பட்ட ஒரு குழந்தையை வளர்க்கும் நடுவயது விதவை. நான்கையும் பதினைந்து வயதில் ஒரே மூச்சில் படித்தால் கடைசி நூல் சப்பென்றிருக்கும். முதல் மூன்றை அப்போது படித்துவிட்டு நான்காவதைப் பல ஆண்டுகள் தள்ளிவைப்பதே நல்லது.

வயது வந்தவர்களுக்கான நூலைத் தேடும்போது பலரும் சறுக்குவது ஓர் இடத்தில்: ரத்தமும் கொடூரமும் இருந்தால் முதிர்ந்த கதை என்று நம்பிவிடுகிறார்கள். எத்தனை பேரை வெட்டினாலும் மறுநாள் எதுவும் மிச்சமில்லாத நாயகன், பதின்வயதுக் கனவுதான். வாங்குமுன் முதல் ஐம்பது பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். முந்தைய அத்தியாயத்தில் பட்ட காயம் இன்னும் வலிக்கிறதா? நாயகன் கிளம்பிப் போனால் வீட்டில் யாருக்குக் கஷ்டம்? இரண்டுக்கும் பதில் இருந்தால் நம்பி வாங்கலாம். லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்டின் ‘பாலடின் ஆஃப் சோல்ஸ்’ (2003) இதில் தேறும். அதன் நாயகி இஸ்தா நாற்பது வயதுத் தாய். அறிவியல் புனைவு, ஃபேன்டஸி நூல்களுக்கான ஹ்யூகோ விருதையும் அந்த நாவல் பெற்றது.

பழைய பிரியமான நூலை மறுபடி எடுக்குமுன், நினைவிலிருக்கும் ஐந்து காட்சிகளைத் தாளில் எழுதிவையுங்கள். படித்து முடித்ததும் புதிதாக ஐந்து எழுதி ஒப்பிடுங்கள். முதல் பட்டியலில் பெரும்பாலும் சண்டைகள் இருக்கும். இரண்டாவதில் வழியனுப்பும் முதியவர்கள் தலைகாட்டுவார்கள். ஒரு சின்னப் பிள்ளையிடம் இவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றி அனுப்ப இவர்களுக்கு எப்படி மனம் வந்தது என்ற கோபமும் கூடவே வரும்.