கறுப்பியின் ஊசிப் பற்கள்

கறுப்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. பதினோரு வார நாய்க்குட்டி. என் வலது மணிக்கட்டு முழுக்கப் பொடிப்பொடிக் கீறல்கள். 28 பால்பற்களும் ஊசி மாதிரி! கோபமில்லை, விளையாடக் கூப்பிடுகிறாள். கூடப் பிறந்த குட்டிகளோடும் இப்படித்தான் விளையாடியிருப்பாள்.

முதலில் கையை வெடுக்கென்று இழுத்தேன். அது தப்பு. ஓடுகிற கையைத் துரத்துவதுதான் அவளுக்குக் கொண்டாட்டம். இப்போது பல் பட்டதும் கையை அசைக்காமல் வைத்து, பிடி தளர்ந்ததும் எழுந்து திரும்பி நின்றுவிடுகிறேன். அடங்கி உட்கார்ந்தால் முடிச்சுப் போட்ட துணிக்கயிறு கிடைக்கும். அதைக் கடித்தால் 'சமத்து' என்று கழுத்தில் ஒரு தடவல். அடிக்கவே கூடாது, பயம்தான் மிஞ்சும்.

அப்புறம், சாயங்காலம் தலைகால் புரியாமல் ஓடிக் கடித்தால் பெரும்பாலும் தூக்கக் கலக்கம். படுக்கையில் விட்டால் ஐந்தே நிமிடத்தில் குறட்டை.

நேற்று என் விரலைக் கவ்வியவள், அழுத்தாமல் நக்கிவிட்டு விட்டுவிட்டாள்.