240 ஜிபிக்குள் 140 ஜிபியை ஏற்றிய இரண்டு இரவுகள்

எங்கள் தரவுத்தளத்தைப் பழைய சேர்வரிலிருந்து புதியதற்கு மாற்ற ஒரு எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) தேவைப்பட்டது. 480 ஜிபி எஸ்எஸ்டி இருக்கு, வந்து எடுங்கோ என்று கடைக்காரர் போனில் சொன்னதை நம்பி, லீவு போட்டுவிட்டு கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு பஸ் ஏறினேன். போனால் 240தான் கிடந்தது. "அது நேற்றே வித்துப்போச்சு தம்பி." இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. வேறு வழியில்லாமல் 240ஐயே வாங்கி வந்தேன். பெட்டியில் 240 என்றிருந்தாலும் சேர்வர் 223 என்றுதான் காட்டும்; கணக்குப் போடும்போது அதை வைத்தே போடுங்கள்.

எங்கள் தரவுத்தளம் 140 ஜிபி. விவசாயிகளின் காணிப் பத்திரங்களை ஸ்கான் செய்து, படங்களை அப்படியே டேபிளுக்குள் போட்டுவைத்த பழைய பழக்கத்தால் வந்த பருமன். ஏற்கனவே சுருக்கிய படங்கள் என்பதால் ஜிசிப் என்ற சுருக்கும் கருவியைப் போட்டும் பெரிதாகக் குறையவில்லை. டம்ப் கோப்பை (முழுத் தரவையும் எழுதிவைக்கும் நகலை) வைக்க இரண்டு மெஷினிலும் இடமில்லை. அதனால் கோப்பே எழுதாமல், எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகப் பழையதிலிருந்து புதியதற்கு நேரே பாயவிட்டேன். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கியது நன்றாகவே ஓடியது.

காலையில் வந்து பார்த்தால் டிஸ்க் நூறு வீதம். 140 எப்படி 223ஐ நிரப்பும்? டேட்டா போல்டரைத் திறந்தேன். 'பின்லொக்' என்ற பெயரில், ஒவ்வொன்றும் ஒரு ஜிபியாக, நூறுக்கு மேல் கோப்புகள். பழைய மெஷினில் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல் 5.7; அதில் பைனரி லொக் (தரவில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதிவைக்கும் பதிவு, சுருக்கமாகப் பின்லொக்) நாமாகப் போட்டால்தான் உண்டு. புதியதில் இருந்த 8இல் அது தானாகவே ஓனாகி இருக்கும், 30 நாளுக்கு அழியவும் அழியாது. உள்ளே போகும் ஒவ்வொரு படமும் லொக்கிலும் இன்னொரு தடவை எழுதப்பட்டிருக்கிறது.

கோப்புகளை அழிக்கக் கை வைத்த நேரம் பக்கத்து மேசை அண்ணா தடுத்தார். "கையாலை அழிக்காதை தம்பி, பேர்ஜ் கட்டளையைக் குடு." அவர் சொன்னது சரி; பேர்ஜ் என்பது பழைய லொக்குகளை மைஎஸ்கியூஎல்லைக் கொண்டே அழிக்கும் கட்டளை. லொக்குகளின் பட்டியலை மைஎஸ்கியூஎல் தனியாக வைத்திருக்கிறது; நாம் நேரே அழித்தால் அந்தப் பட்டியல் பிசகிவிடும்.

பிறகு கொன்ஃபிக்கில் பைனரி லொக்கை நிறுத்தி, சேர்வரை மறுபடி தொடக்கி, அரைகுறையாக ஏறியதை நீக்கிவிட்டு, இரண்டாம் இரவு டேபிள் டேபிளாக ஏற்றினேன். படங்கள் உள்ள பெரிய டேபிளை முதலில் விட்டேன், இடம் போதாவிட்டால் அப்போதே தெரியட்டும் என்று. வேலையை 'ஸ்கிரீன்' என்ற நிரலுக்குள் ஓட்டுங்கள். நடுவில் லைன் அறுந்தாலும் அது நிற்காது.

விடிய 143 ஜிபி. இரண்டு பக்கமும் வரிகளை எண்ணினேன், ஒன்றுகூடக் குறையவில்லை. முத்தையன்கட்டுக் காணிப் பத்திரம் ஒன்றைத் திறந்தேன். பெயர் தமிழில் தெளிவாக இருந்தது, முத்திரையும் மங்கவில்லை. லொக்கை மறுபடி ஓன் செய்து, மூன்று நாளில் அழியும்படி வைத்துவிட்டேன். பழைய மெஷினை இன்னும் ஒரு மாதத்துக்கு யாரும் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.