கணக்கில் 12, தூளில் 25

தீயில் தெளித்து நானோ துகள் செய்வதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. சுவிட்சர்லாந்தின் சூரிக் இ.டி.எச் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிராட்சினிஸின் குழு வளர்த்தெடுத்த முறை இது. டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடு என்ற திரவத்தைச் சைலீன் என்ற எரியும் கரைப்பானில் கரைத்து, நிமிடத்துக்கு 5 மில்லி வீதம் நாசில் என்கிற தெளிப்பு முனைக்கு அனுப்புவோம். ஆக்சிஜன் பாய்ந்து அதை நுண்துளிகளாகச் சிதறடிக்கும். சுற்றி வளையமாக எரியும் மீத்தேன் சுடர் பற்றவைக்கும். துளி ஆவியாகி எரிவதும், பிறந்த டைட்டானியம் டையாக்சைடு துகள்கள் மோதி ஒட்டி உருகிச் சேர்வதும் சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும். உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. அதற்குத்தான் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் சிமுலேஷன்.

முதல் மாதம் முழுக்க அடைப்போடு போராட்டம். இந்தத் திரவத்துக்கு ஈரக்காற்று ஆகாது. மழை நாளில், சிரிஞ்சை மாற்றும் நேரத்துக்குள் ஊசி முனையில் பாலாடை மாதிரி வெள்ளையாகப் படிந்துவிடும். கரைசலை உலர்ந்த நைட்ரஜனில் தயாரித்து, தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் சைலீனை ஓடவிட்ட பிறகுதான் சீரானது.

அப்புறம் வந்தது பெரிய சிக்கல். துகளின் விட்டம் 12 நானோமீட்டர் என்றது சிமுலேஷன். வடிதாளில் சுரண்டிய தூள் கையுறையில் கனமே தெரியாது. அதன் பரப்பை அளந்தால் கிராமுக்கு 60 சதுர மீட்டர். 6-ஐ அடர்த்தியாலும் இந்தப் பரப்பாலும் வகுத்தால் விட்டம் கிடைக்கும்: 25 நானோமீட்டர் சொச்சம். இரண்டு மடங்கு! உருகிச் சேரும் வேகத்தை மாற்றிக் கணக்கைப் பொருத்திவிடலாம்தான். ஏனென்று தெரியாமல் பொருத்த மனசு ஒப்பவில்லை.

ஒருநாள் சுடரின் போட்டோவையும் சிமுலேஷனின் வெப்பநிலைப் படத்தையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நிஜச் சுடர் ஒரு விரல் நீளம் அதிகம். தூள் பறக்காமலிருக்க பர்னரைச் சுற்றிக் குவார்ட்ஸ் குழாய் போட்டிருந்தோம். என் கணக்கிலோ சுடர் திறந்த வெளியில் எரிந்தது. திறந்த சுடர் குளிர்காற்றை உள்ளே இழுத்துச் சீக்கிரம் ஆறிவிடும். குழாய்க்குள் அந்தக் காற்று குறைவு. சூடு நீடிக்கும், துகளும் வளர்ந்துகொண்டே போகும்.

குழாயைக் கழற்றிவிட்டு ஓட்டினோம். பரப்பு 110-க்கு ஏறியது, அதாவது 14 நானோமீட்டர். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். சிமுலேஷனில் குழாயைச் சேர்த்து ஒரு வாரம் ஓடவிட்டதில் 23 வந்தது. மிச்ச வித்தியாசத்துக்குக் குழாய்ச் சுவரின் வெப்பநிலை காரணமாக இருக்கலாம். அதை நான் ஊகித்துத்தான் கொடுத்திருந்தேன். அடுத்த வாரம் சுவரில் வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் பொருத்துகிறோம்.