கம்பி போன வழி

அந்த அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நெஞ்சு வலிக்காக ஆஞ்சியோகிராம்: மணிக்கட்டுத் தமனி வழியாக மெல்லிய கம்பியையும் குழாயையும் செலுத்தி இதயத்தின் ரத்தக்குழாய்களைப் பார்க்கும் சோதனை. வலது மணிக்கட்டில் நாடி நன்றாகத் துடித்தது. முதல் குத்திலேயே தமனி கிடைத்தது. முழங்கை அருகே சிலருக்குத் தமனியில் இருக்கும் சுருள் வளையம்கூட இல்லை. ஆனால் மார்புக்குள் போன கம்பி இதயத்தின் பக்கம் திரும்பாமல் வயிற்றை நோக்கி இறங்கியது. பின்னுக்கு இழுத்து மறுபடி செலுத்தினேன். அதே வழி. மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். பெரும்பாலும் அதிலேயே கம்பி திரும்பிவிடும். திரும்பவில்லை.

கொஞ்சம் சாய மருந்து செலுத்தி, எக்ஸ்ரே கருவியை நோயாளியின் இடப்பக்கம் சாய்த்துப் பார்த்த பிறகே விளங்கியது. பெருந்தமனி வளைவின் முதல் கிளையிலிருந்து பிரிய வேண்டிய வலக்கைத் தமனி, இவருக்குக் கடைசிக் கிளையாக இடப்பக்கத்தில் கிளம்பி, உணவுக்குழாயின் பின்னால் குறுக்கே வந்திருந்தது. இதன் மருத்துவப் பெயர் ஆர்ட்டீரியா லூசோரியா. நூறு பேரில் ஒருவருக்கு இருந்தாலே அதிகம். அதன் வாயிலிருந்து, வயிற்றை நோக்கி இறங்கும் பெருந்தமனிக்குப் போவதுதான் சுலபம். நான் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருந்த கம்பி, உள்ள வழியில்தான் போயிருக்கிறது.

அந்தக் கூர்மையான வளைவையும் கடந்து இதயத்தை எட்ட முடியும். நானே செய்திருக்கிறேன். ஆனால் கதீட்டர் என்ற அந்த மெல்லிய குழாய் மடங்கலாம், தமனிச் சுவர் கிழியலாம். விழித்தபடி படுத்திருக்கும் ஒருவர் மீது என் கைத்திறனைச் சோதித்துப் பார்க்க மனம் வரவில்லை. இடது மணிக்கட்டுக்கு மாறினேன். சிறிது நேரத்தில் முடிந்தது. பெரிய அடைப்பு எதுவும் இல்லை.

18ஆம் நூற்றாண்டில் டேவிட் பேஃபோர்டு என்ற மருத்துவர், விழுங்க முடியாமல் நெடுநாள் தவித்து இறந்த ஒரு பெண்ணின் உடலில் இதே தமனியைக் கண்டு எழுதியிருக்கிறார். அந்த நினைவில், வார்டுக்குப் போனதும், "சாப்பிடும்போது ஏதாவது அடைக்கிற மாதிரி இருக்குமா அம்மா?" என்று கேட்டேன்.

அவர் மகளைப் பார்த்தார். "சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் டாக்டர். தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் இறக்குவேன். மெதுவாகச் சாப்பிடுகிறேன் என்று வீட்டில் திட்டுவார்கள்."

பலருக்கு இந்தத் தமனி எந்தத் தொந்தரவும் தருவதில்லை. ஆகவே இதுதான் காரணம் என்று அங்கேயே அடித்துச் சொல்லவில்லை. உணவுக்குழாய்ப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். மகள் அம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். டிஸ்சார்ஜ் சீட்டின் மேற்பகுதியில் சிவப்பு மையில் எழுதினேன்: இனி ஆஞ்சியோகிராம் செய்தால் இடது மணிக்கட்டு வழியாக மட்டும்.