கொழுந்து எடை போடுற இடத்துல பேசப் பழகினது

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரில சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு. மொதல்ல யார்கிட்டயும் பேச மாட்டேன், சிறு விவசாயிங்க கொழுந்து மூட்டையோட வருவாங்க, எடை போட்டு சீட்டு எழுதிக் குடுத்துட்டு தலைய குனிஞ்சுக்குவேன். ஒருநாள் ஒரு பாட்டி கொண்டுவந்த மூட்டைல ஈரம்னு எடைல கழிச்சேன், ஏன் எவ்ளோன்னு ஒரு வார்த்தை சொல்லல, அந்தப் பாட்டி பேசாம போயிட்டாங்க, மறுவாரத்துலேர்ந்து அவங்க இலை வேற ஃபேக்டரிக்குப் போகுது. இன்னும் உறுத்துது.

சூப்பர்வைசர் அண்ணன் தான், "தம்பி நீ தோட்டத்துக்கே போய்ப் பாரு"ன்னார். போய் விவசாயிங்களோட உக்காந்து பேசினேன், ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல பச்சை இலை வேணும், அதுல முத்தின இலை கலந்தா தூள் எப்படி கெடுதுன்னு நான் சொல்ல, பறிக்க ஆள் கிடைக்காத கஷ்டத்த அவங்க சொல்ல, அப்போதான் எனக்கு ரெண்டு பக்கமும் புரிஞ்சுது. அவங்க பேசுற படுக மொழில நாலு வார்த்தை கத்துக்கிட்டேன், தப்பா சொன்னா அக்காங்க திருத்துவாங்க, பழக்கமே அப்படித்தான் வந்துச்சு.

குன்னூர்ல 1963லேர்ந்து தேயிலை ஏலம் நடக்குது. அங்க புரோக்கர் ஆபீஸ்ல, டீயக் குடிச்சுப் பாத்து தரம் சொல்ற டேஸ்டர் ஒருத்தர்கிட்ட தைரியமா "எங்க தூள்ல என்ன குறை சார்?"னு கேட்டேன், இலை சரியா வாடலன்னு கப்ப கைல குடுத்தே காட்டினார். அதுலேர்ந்து மாசம் ஒரு தடவை போன் பண்ணிப் பேசுறேன்.

போன ஞாயித்துக்கிழமை அந்தப் பாட்டி வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டேன். டீ போட்டுக் குடுத்தாங்க, மழையப் பத்தி ரொம்ப நேரம் பேசினோம், கொழுந்தப் பத்தி நான் எதுவும் கேக்கல.